'ஒரு சதம் அன்று'

நாணயம் என்னும் சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருளுண்டு. வகுப்பிலே இதனை விளக்கும்போதெல்லாம் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால வணிகரின் செப்பு வில்லைகளே என் நினைவுக்கு வருகின்றன. அவ்விரு பொருளும் பிரிந்து நின்றதற்கு அவற்றினும் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை.

1861 இல் போர் மூண்டது. அவ்வாண்டு முடிவில் வடமாநில வங்கிகள் தாள்பணத்துக்குப் பொன் கொடுப்பதை நிறுத்தின. முதலிற் பொன் மறைந்தது, பின்னர் வெள்ளி, 1862 இல் ஒரு சதக் காசுங்கூட மறைந்தது. பதுக்க வல்லவர் பதுக்கினர். சில்லறையின்றி இடர்ப்பட்டவர் அன்றாடங்காய்ச்சிகளே. தபால் முத்திரையையே காசாக வழங்க அரசு இடமளித்தது. அதுவோ கையில் ஒட்டிக் கிழிந்தது.

இந்த இடைவெளியிலேதான் வணிகர் புகுந்தனர். பலசரக்குக் கடைக்காரரும் மதுச்சாலைக்காரரும் தத்தம் பெயர் பொறித்த வில்லைகளை அடித்து வெளியிட்டனர். அவை ஏறத்தாழ இரண்டரைக் கோடி இருக்கலாமென மதிப்பிடுவர். சிலவற்றில் 'ஒரு சதம்' என்பது பெரிய எழுத்தில் இருக்கும். அதன் மேலே, கூர்ந்து நோக்கினாலன்றிப் புலப்படாத சிற்றெழுத்தில் 'அன்று' என்றிருக்கும். சட்டத்துக்குக் காட்ட ஒரு சொல், வாங்குபவனுக்குக் காட்ட வேறொரு சொல்!

எல்லா வணிகரையும் கள்வரெனல் நியாயமன்று. மாற்றித் தருவோமென்று வில்லையிலேயே பொறித்தோரும் உளர். ஆயினும், வில்லையொன்றின் உண்மைப் பெறுமதி சதத்தின் ஐந்திலொரு பங்குக்கு மேற்படாதென 1863 இல் நாணயசாலை அதிபர் ஜேம்ஸ் பொலொக் அறிவித்தார். எஞ்சிய நான்கு பங்கும், வாங்கியவன் வணிகனுக்கு வட்டியின்றி ஈந்த கடனல்லவா?

நியூயோர்க் மதுச்சாலைக்காரர் லிண்டன்மியூலர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வில்லைகளை வெளியிட்டார். அவற்றைப் பயணக் கட்டணமாக ஏற்றுவந்த தண்டவாள வண்டிக் கொம்பனியொன்று, சேர்ந்தவற்றை மாற்றித் தருமாறு அவரைக் கேட்டது. அவர் மறுத்தார். கொம்பனிக்குச் சட்டத்தில் வழியேதும் இருக்கவில்லை என்பர். பெருங்கொம்பனிக்கே இக்கதியெனின், சலவைக் கூலியாக நான்கு வில்லை பெற்ற பெண்ணொருத்தி எவரிடம் முறையிடுவாள்?

1864 ஏப்ரிலில் வந்த சட்டம் இத்தகைய வில்லைகளைத் தடைசெய்தது. ஜூனில் தனியார் நாணயம் அனைத்துமே தடைப்பட்டன. ஏப்ரிற் சட்டமே புதிய வெண்கலச் சதத்தையும் கொணர்ந்தது. பாரங்குறைந்த அக்காசு வணிகரின் வில்லையையே பெரிதும் ஒத்திருந்தது. இலாபம் அரசின் கைக்கு மாறியது. ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு: பத்துச் சதம் வரையிலான கொடுப்பனவுக்கு அரசின் காசை எவரும் மறுத்தலாகாதென்று அச்சட்டம் விதித்தது.