நட்பு, பிரதானம், கல்யாணம்

எங்கள் ஊர்ப் பக்கம் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு பெயர். தமிழ் வீடுகளில் நிச்சயதார்த்தம், தெலுங்கு வீடுகளில் பிரதானம். வரதய்யபாளையம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: சென்னையிலிருந்து கல்கத்தா ஹைவேயில் போய், தடாவில் இடது பக்கம் திரும்ப வேண்டும். சென்னைப் பசங்க 'தடா அருவி' என்று சொல்கிற உப்பலமடுகு எங்கள் மண்டலம்தான். சத்தியவேடு வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தபோது, பதிலுக்கு நாங்கள் ஆந்திராவுக்குப் போனோம். 2022-ல் சித்தூரிலிருந்து பிரித்துத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தார்கள். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது, விலாசம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது :-)

இங்கே மஸ்கட்டில், வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து ரூவியில் டீ குடிக்கும்போது அடிக்கடி ஒரு பேச்சு வரும். "பையன் ஒரு பொண்ணை ஃப்ரெண்டுன்னு சொன்னான், இப்ப கல்யாணம்ங்கறான். என்ன பண்றது?" நம்மில் பலருக்குப் பிள்ளைகள் அந்த வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் என் அக்கா மகள் கல்யாணக் கதையை எழுதுகிறேன். இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டேன். "பேர் மட்டும் போடாதீங்க மாமா" என்றாள்.

வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஆரம்பித்த பழக்கம். 2008-ல் ஸ்ரீசிட்டி வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. இவள் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ், அவன் அங்கேயே குவாலிட்டி. அவனுக்கு ஊர் கூடூர். இவள் வீட்டில் தமிழ், அவன் வீட்டில் தெலுங்கு. எங்கள் எல்லையில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை, இரண்டு மொழியையும் கலந்தடித்துத்தான் எல்லோரும் பேசுவோம். நாலு வருடம் நண்பர்களாகவே இருந்தார்கள். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுக்க வந்தவர்களில் அவனும் ஒருவன். 2022 ஆரம்பத்தில்தான் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நாங்கள் லுத்தரன், அவர்கள் கத்தோலிக்கர்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே கோவில்தான். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சுவரின் உயரம் தெரியும். சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை பக்கம் 1860களில் ஜெர்மனியிலிருந்து ஹெர்மன்ஸ்பர்க் மிஷனரிகள் வந்தார்கள். திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திர லுத்தரன் சபை அந்த வேரிலிருந்து வந்ததுதான். நாலு தலைமுறையாக அதில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. மாமாவுக்கு (அக்கா வீட்டுக்காரர்) இது பெரிய இடி. "நம்ம குடும்பத்துல ஃப்ரெண்டா இருந்து கல்யாணம் பண்ணினவங்க யாருமில்லைப்பா" என்று போனில் சொன்னார்.

அப்போது அவருக்கு நான் ஒரு பழைய கதை சொன்னேன். கிருபாபாய் என்று ஒரு மராத்திப் பெண். 1862-ல் அகமத்நகரில், கிறிஸ்தவத்துக்கு வந்த பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்தபோது, சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதன் வீட்டில் தங்கினார். ஒரு வருடத்தில் உடம்பு கெட்டு, படிப்பு நின்றுபோனது. திரும்பவும் சென்னை வந்தபோது போதகரின் மகன் சாமுவேலுடன் பழக்கமாகி, நல்ல நட்பாகி, அது கல்யாணத்தில் முடிந்தது. 1880களின் தொடக்கம் அது. மாப்பிள்ளை தமிழர், பெண் மராத்தி. அந்தப் பெண்ணுக்கு உடல்நலம் சரியில்லை என்பது சாமுவேலுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அவருக்கு ஊட்டியில் வேலை கிடைத்தபோது கூடவே போன கிருபாபாய், அங்கே முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி ஆரம்பித்தார். பிறகு 'சகுணா', 'கமலா' என்று ஆங்கிலத்தில் இரண்டு நாவல்கள் எழுதினார். 1894-ல் 32 வயதில் இறந்துவிட்டார்.

"குறைஞ்ச நாள் வாழ்க்கைதான் மாமா. ஆனா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுகிட்டுத்தான் ஆரம்பிச்சாங்க" என்றேன். மாமா பதில் சொல்லவில்லை, ஆனால் அந்த மாதமே கூடூருக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

மே மாதம் பிரதானம் நடந்தது. மோதிரம், ஜெபம், பிரியாணி எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆகஸ்டில் கல்யாணம் என்று மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.

பிறகுதான் பெண் ஒரு கேள்வி கேட்டாள். "நாளைக்குப் பிள்ளைங்க பிறந்தா ஞானஸ்நானம் எந்தச் சபையில?"

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே குரலில் சொன்ன பதில், "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்." நம் குடும்பங்களில் இந்த 'பிறகு' என்கிற வார்த்தை செய்கிற அநியாயம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவள் விடவில்லை. "பதில் தெரியாம நான் கோவில் வாசப்படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அக்கா அழுதாள். மண்டப அட்வான்ஸ் போச்சே என்று மாமாவுக்குக் கவலை, ஊர் என்ன சொல்லுமோ என்று இன்னும் பெரிய கவலை. மாப்பிள்ளைப் பையன் ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. கல்யாணம் நிற்கப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பாங்கில் வேலை செய்கிறவனுக்கு ஒன்று தெரியும். கடன் சாங்ஷன் ஆவது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. நடுவில் இருக்கிற நாட்கள் பேப்பர்களைச் சரிபார்க்கத்தான். அப்போது கேள்வி கேட்கிற ஆபீசரைத் திட்டுவார்கள், ஆனால் அவர்தான் இரண்டு பக்கத்தையும் காப்பாற்றுகிறார். மாமாவிடம் நான் சொன்னதும் இதுதான்: "அட்வான்ஸ் போனா போகட்டும், அவ கேக்கறதுக்குப் பதில் கிடைக்கட்டும்."

கடைசியில் பையனே அவளைத் தன் பங்குச் சாமியாரிடம் கூட்டிப்போனான். அவர் பொறுமையாக விளக்கினார். கத்தோலிக்கர் ஒருவர், ஞானஸ்நானம் பெற்ற வேறு சபைக்காரரை மணக்க மேலிடத்து அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்வேன் என்று கத்தோலிக்கர்தான் வாக்குக் கொடுக்கிறார். மற்றவர் எந்த வாக்கும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இப்படி ஒரு வாக்கு இருக்கிறது என்பதை அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும். அவள் லுத்தரனாகவே இருக்கலாம், மறுபடி ஞானஸ்நானம் எடுக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் சொன்னாராம். நிச்சயம் ஆகிவிட்டது என்பதற்காக யாரையும் கல்யாணம் செய்தே தீர வேண்டும் என்று சபைச் சட்டப்படி வற்புறுத்த முடியாது. நஷ்டம் ஏற்பட்டால் அதற்கு ஈடு கேட்கலாம், அவ்வளவுதான். ஓலை வாசித்து, 'தடை உண்டானால் சொல்லுங்கள்' என்று ஊரைக் கேட்பதும் சும்மா சடங்குக்காக இல்லை. ஊரையே கேட்கிறபோது, மணக்கப் போகிற பெண் கேட்டால் மட்டும் தப்பாகிவிடுமா?

அதன் பிறகு இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு நாளில் முடியவில்லை, இரண்டு மாதம் ஆனது. ஞானஸ்நானம் அவன் சபையில். அவள் தன் சபையை விடுவதில்லை. பிள்ளைகள் இரண்டு கோவிலுக்கும் போவார்கள், இரண்டு மொழியிலும் ஜெபிப்பார்கள். அவன் அம்மாவுக்கும் இவள் அப்பாவுக்கும் இதை இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொன்னார்கள். பேச்சோடு பேச்சாக அவன் வீட்டுக் கடன், இவள் சம்பளத்தில் அக்காவுக்குக் கொடுக்கிற பங்கு எல்லாம் வெளியே வந்தது. நாலு வருட நட்பில் பேசாததை அந்த இரண்டு மாதத்தில் பேசிவிட்டார்கள். நண்பர்களாக இருந்ததால்தான் பேச முடிந்தது என்று நினைக்கிறேன். பெண் பார்த்து ஒரு மாதத்தில் நிச்சயமாகியிருந்தால் அவளுக்கு அந்தத் தைரியம் வந்திருக்குமா, தெரியவில்லை.

மண்டப அட்வான்ஸில் பாதிதான் திரும்ப வந்தது. திருவருகைக் காலத்தில் வேண்டாம் என்று தள்ளி, 2023 ஜனவரியில் கூடூரில் கல்யாணம். எங்கள் ஐயரும் வந்து ஒரு ஜெபம் செய்தார். ரோமும் லுத்தரன் உலகமும் 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க்கில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டதை அவர் ஞாபகப்படுத்தியபோது மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். 400 வருடத்துக்கு மேல் சண்டை போட்டவர்களே உட்கார்ந்து பேசினார்கள், நமக்கென்ன என்கிற சிரிப்பு.

தாலியில் சிலுவை, கையில் மோதிரம், இரண்டும் உண்டு. நான் பத்து நாள் லீவில் போயிருந்தேன், அதில் மூன்று நாள் சமையல்காரருடனேயே போய்விட்டது :-)

மஸ்கட்டில் என்னைக் கேட்கிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். பிள்ளை 'ஃப்ரெண்டு' என்று கூட்டிவந்தால் பயப்படாதீர்கள், நாம் தரகர் வைத்து விசாரிப்பதைவிட நிறைய விஷயம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனால் நட்பிலும் கேட்காமல் விட்ட கேள்விகள் சில இருக்கும். எந்தச் சபை, எந்த ஊர், யாருக்குப் பணம் அனுப்புவது, வயதான காலத்தில் யார் வீட்டில் யார் இருப்பது? நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே அவற்றைப் பேச ஐந்தாறு மாதம் விட்டுவையுங்கள். நம் டிக்கெட்டுக்கும் லீவுக்கும் ஏற்ற மாதிரி ஒரே வாரத்தில் இரண்டையும் முடிக்கிற வழக்கம் வளைகுடா குடும்பங்களில் அதிகம். முடிந்தால் அதை விடுங்கள். ஒரு டிக்கெட் கூடுதலாகும், பரவாயில்லை.

அவர்கள் இப்போது சூளூர்ப்பேட்டையில் இருக்கிறார்கள். ஞாயிறு காலை ஒரு கோவில், சாயங்காலம் இன்னொன்று. "ரெண்டு பிரசங்கம் கேக்கறோம் மாமா, தூக்கந்தான் கம்மி" என்கிறாள்.