நாற்றங்காலைக் காக்கும் நீலக் கரைசல்

முளைத்துப் பத்து நாளான தக்காளி, மிளகாய் நாற்றுகள் மண்மட்டத்தில் நைந்து, திட்டுத் திட்டாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். ஈரம் தேங்கிய மண்ணில் பித்தியம் என்ற பூசணம் செய்யும் வேலை இது. நாற்று போனால் விதைக்காசோடு பட்டமும் தவறிவிடும்.

இதற்காக 1921-இல் இங்கிலாந்தில் பியூலி என்ற ஆய்வாளர் பயன்படுத்தியது செஷன்ட் கலவை. இதில் இருப்பவை மயில்துத்தமும் அம்மோனியம் கார்பனேட்டும்தான். இரண்டும் சேர்ந்து தண்ணீரில் கரையும்போது, ஒவ்வொரு செம்பு அயனியையும் நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன. இதையே அணைவுச் சேர்மம் என்கிறார்கள். கரைசல் கருநீலமாக, தெளிவாக இருக்கும். போர்டோ கலவையில் செம்பு நுண்துகளாக நின்று இலையில் ஒட்டும். இதிலோ முழுக்கக் கரைந்து, தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கும்.

சிறு நாற்றங்காலுக்கு 6 கிராம் மயில்துத்தம், 33 கிராம் அம்மோனியம் கார்பனேட் போதும். தனித்தனியே பொடித்து, கலந்து, காற்றுப் புகாத டப்பாவில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு லிட்டருக்கு 3 கிராம் வீதம் எடுத்து, முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, மீதிக்குப் பச்சைத் தண்ணீர் சேர்த்து, மண் நனையும்படி ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானையே ஏற்றது. இரும்பு, தகர வாளி கூடாது.

ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் டப்பாவை மூடாமல் இரண்டு நாள் வைத்துவிட்டார். கரைத்தபோது கருநீலம் வரவில்லை. அடியில் பச்சைநீலத் திப்பி தங்கியது. "அளவெல்லாம் சரியாத்தானே போட்டேன்?" என்று கேட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "நெடியே இல்லையேப்பா, சரக்கு காத்துல போயிருச்சு" என்றார். அவர் சொன்னது சரி. அம்மோனியா பறந்துவிட்டால் செம்பு கரையாமல் அடியில் தங்கிவிடும்.

சாய்ந்த நாற்றை இது எழுப்பாது. நிற்கும் நாற்றைத்தான் காக்கும். செம்பு மண்ணைவிட்டு எளிதில் போகாது. மண்புழுவுக்கும் மீனுக்கும் அது நஞ்சு. ஆகவே திரும்பத் திரும்ப ஊற்றுவதும், மிச்சத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டுவதும் கூடாது. கலக்கும்போது கையுறை அவசியம். டப்பா பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

முதல் வேலை வடிகால்தான். 15 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி, கலக்கமான விதைப்பு, அளவான தண்ணீர் இருந்தால் நோய் பாதி குறையும். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்கலாம். அதையும் செம்பு மருந்தையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. செம்பு அந்த நன்மை செய்யும் பூசணத்தையும் பாதிக்கும்.