கொட்டும் மழையில் ஒரு பாட்டு

ஜமைக்கா வம்சாவளிக் கறுப்பு இளைஞரான டான் லெட்ஸ், 1977இல் லண்டன் ராக்ஸி கிளப்பில் ரெகே ரெகார்டுகள் போட்டுக்கொண்டிருந்தார். (பங்க் ரெகார்டுகள் அப்போது சொற்பம், வேறு எதைப் போடுவது?) மேடையில் சோமாலியத் தந்தையின் மகள் பாலி ஸ்டைரீன் முழங்க, லெட்ஸ் கையில் சூப்பர் 8 கேமரா. ஒரு சுருள் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும். கண்டதையெல்லாம் எடுக்கக் கட்டுப்படியாகாது. கஞ்சத்தனமே அவருக்கு வாத்தியார்.

1979 டிசம்பரில் க்ளாஷ் குழுவின் 'லண்டன் காலிங்' வீடியோ. பேட்டர்சீ பூங்காவையொட்டிய படகுத்துறையில் குழு, கேமராக்கள் படகில். தேம்ஸ் நதியிலும் கடல் ஓதம் ஏறி இறங்கும் என்பதே டைரக்டருக்குத் தெரியாதாம். நீச்சலும் தெரியாது. நீர் வற்றியிருந்ததால் கேமராக்கள் 15 அடி கீழே கிடந்தன. படகோ கரையைவிட்டு நகர்ந்துகொண்டே போனது. போதாக்குறைக்கு மழை வேறு. குழு நனைந்தபடியே வாசித்தது. கேமராக்கள் ஆடியபடியே ஓடின.