சித்திகளின் ஓட்டம்

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் என்னோடு காலையில் நடக்கும் நண்பரிடம், உசேன் போல்ட் 2009-இல் பெர்லினில் நூறு மீட்டரை 9.58 செகண்டில் கடந்ததற்குக் காரணம் இருக்கிறது. ‘அடிமைக் கப்பல்ல பலவீனமானவன்லாம் செத்துட்டான் சார். பிழைச்சவனோட பேரன்தான் இப்ப ஓடறான்!’

2012-இல் ஓட்ட வீரர் மைக்கேல் ஜான்சனே டிவியில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கப்பலில் நிறையப் பேரைக் கொன்றது சீதபேதி. அதைத் தாங்குவதற்கு வேகமான கால் எதற்கு? ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவில் இறக்கப்பட்ட அடிமைகள் சுமார் 4 லட்சம். பிரேசிலில் 45 லட்சத்துக்கும் மேல். ஒலிம்பிக் நூறு மீட்டரில் பிரேசிலுக்கு இதுவரை ஒரு மெடல்கூடக் கிடையாது.

இந்தப் பரீட்சையை நம் நாட்டிலும் செய்து பார்த்தார்கள், தெரியுமோ? கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியால் காட்டுப் பக்கம் சித்திகள் இருக்கிறார்கள். (சின்னம்மா இல்லை, ராதிகா சீரியலும் இல்லை.) போர்த்துகீசியர் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வம்சம். கொங்கணி பேசுவார்கள். 1987-இல் மார்கரெட் ஆல்வா விளையாட்டு மந்திரியாக இருந்தபோது, ஆப்பிரிக்க ரத்தமாயிற்றே, மெடல் வராமலா போகும் என்று சித்திப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஹாஸ்டலில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அன்றைக்குக் கோவாவில் உடம்பைப் பார்த்து விலை பேசினார்கள். இன்றைக்கும் உடம்பைத்தான் பார்த்தார்கள், மெடலுக்காக. இது எனக்கு உறுத்துகிறது.

ஆனாலும் பிள்ளைகள் ஓடினார்கள், தேசியப் போட்டிகளில் ஜெயித்தார்கள். சிலருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலையும் கிடைத்தது. 1993-இல் அவர்களுக்கான திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பலர் ஊர் திரும்பிக் கூலி வேலைக்குப் போனார்கள். ஜீன் எங்கேயும் போகவில்லை, ஹாஸ்டல்தான் போய்விட்டது.

ஜீனுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. வேகத்துக்கான ஜீன் என்று ஏசிடிஎன்3-ஐச் சொல்கிறார்கள். அந்த வேக ரகம், பஸ்ஸுக்குக்கூட ஓடாத கோடிக்கணக்கான பேரிடம் இருக்கிறது, உங்களிடமும் இருக்கலாம். ஜமைக்காவில் 1910-லிருந்து பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம் நடக்கிறது. நம் டிசம்பர் கச்சேரி மாதிரி ஊரே திரண்டு வந்து பார்க்கிறது. எட்டாம் கிளாஸ் பையன் ஓடுவதைப் பார்க்க ஸ்டேடியம் நிரம்புகிற இன்னொரு தேசத்தைச் சொல்லுங்கள்.

நம்மூரில் செஸ்ஸும் அப்படித்தானே வந்தது. ஆனந்த் சிறுவனாக விளையாடியது சென்னை சோவியத் கலாசார மையத்தில் இருந்த டால் செஸ் கிளப்பில். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அப்புறம் தெருவுக்குத் தெரு கோச்சிங், வருஷம் பூரா டோர்னமெண்ட். 2024-இல் குகேஷ் உலக சாம்பியன். இதையும் ரத்தம் என்று சொல்கிறவர்கள் மாட வீதிகளில் இருக்கிறார்கள், தெரியும்.