புள்ளியும் தூரமும்

பொய்யை மெய்போலச் சொல்வது என் தொழில். அதனாலேயோ என்னவோ, பறக்கும் தட்டுப் படம் எதையாவது காட்டி, "இது நிஜமா, புளுகா?" என்று நண்பர்கள் என்னைக் கேட்கிறார்கள். இரண்டுமல்லாத மூன்றாவது ஒன்றும் உண்டு.

அமெரிக்காவில், யூட்டா மாகாணத்து டிரிமான்டன் ஊருக்கருகே, 1952 ஜூலை 2-ஆம் தேதி மனைவி மக்களோடு காரில் சென்ற கடற்படைப் புகைப்படக்காரர் ஒருவர், வானத்தில் சுமார் பன்னிரண்டு பொருள்கள் பளபளவென்று திரிவதைக் கண்டார். வண்டியை நிறுத்தி, 16 மி.மீ. காமிராவைத் தேடி எடுத்துப் படம் பிடித்தார். கடற்படை நிபுணர்கள் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் அதை ஆராய்ந்து, "பறவையுமல்ல, விமானமுமல்ல" என்றார்கள். 1953 ஜனவரியில் கூடிய விஞ்ஞானிகள் குழுவோ, வெயிலில் மின்னிய கடற்பறவைகள்தாம் என்றது. ஒட்டுவேலை என்று இரு தரப்பும் சொல்லவில்லை.

படத்தில் புள்ளிகள் இருந்தன, தூரம் இல்லை. தூரம் தெரியாமல் அளவோ வேகமோ எப்படித் தெரியும்? யோக்கியரைப் புளுகர் என்பது பாவம். அவர் யோக்கியர் என்பதற்காகப் புள்ளியைத் தட்டு என்று நம்புவதும் நியாயமல்ல. ஆகவே படத்தோடு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: "புள்ளி எந்த மலைக்காவது, மரத்துக்காவது பின்னால் மறைந்ததா, ஐயா?"