கடமானும் ஈயக்குண்டும்

குழலின் வாய்வழியாக வெடிமருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கியில், தோட்டா என்ற ஆயத்தப் பொருள் கிடையாது. இக்காலத் துப்பாக்கிக்காரருக்காகத் தொழிற்சாலை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிற அனைத்தையும், அதாவது மருந்தின் அளவு, குண்டின் பருமன், அதன் உலோகம், வடிவம், அதைச் சுற்றும் துணி, துணியில் தடவும் கொழுப்பு ஆகியவற்றை, ஒவ்வொரு வெடிக்கும் முன்பாகச் சுடுபவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இலங்கைத் தமிழர் இதனை இடியன் துவக்கு என்பர். தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்று வழங்குவதில் பெரும்பான்மையும் இவ்வகையே. சரவாக்கின் உள்நாட்டு மக்களிடம் இது செனாப்பாங் லந்தாக். பினாங்கு வாசகர் இதன் இயக்கத்தை அறிய வெகுதொலைவு போக வேண்டியதில்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் கடலை நோக்கி நிற்கும் பீரங்கிகளும், 1603 என்ற ஆண்டு பொறித்த டச்சு வெண்கலப் பீரங்கியான ஸ்ரீ ரம்பாயும் இதே முறையில் வாய்வழி நிரப்பப்பட்டவைதாம். 1786இல் இத்தீவில் இறங்கிய பிரான்சிஸ் லைட், காட்டை வெட்ட ஆட்களை ஊக்குவிப்பதற்காகப் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை இட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்ற செவிவழிக் கதையை இவ்வூரார் அறிவர். கதை மெய்யோ புனைவோ, இக்கலையின் முதற்பாடம் அதில் அடங்கியிருக்கிறது. குழல் ஒன்றே, அதில் இடுவது எதுவோ அதுவே குழலின் தொழிலைத் தீர்மானிக்கிறது. காசுகளும் ரவைகளும் சிதறிப் பரவி அருகிலேயே வலுவிழக்கும்; ஒற்றைக் குண்டோ ஒரே கோட்டில் ஆழமாக இறங்கும்.

பெரிய மான் வகைகளுக்குக் குண்டு தேர்ந்தெடுப்பதே இக்கட்டுரையின் பொருள். எல்க் என்ற பெயரால் இன்று வட அமெரிக்கர் குறிப்பது வாப்பிட்டி மானை; அதன் ஆண் 300 கிலோவைத் தாண்டும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலும் தென்னிந்திய மலைகளிலும் வேட்டையாடிய ஆங்கிலேயர் எல்க் என்று எழுதியதெல்லாம் நம் கடமானையே. இலங்கைத் தமிழர் அதை மரை என்றும், தென்தமிழ்நாட்டார் மிளா என்றும், மலாய்க்காரர் ருசா என்றும் அழைக்கின்றனர். உதகமண்டலத்தில் முருகன் கோயில் அமைந்த எல்க் ஹில் அந்த வழக்கின் மிச்சமாகும். வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோவுக்கு மேல் நிற்கும்; பிடரியிலும் கழுத்திலும் தோல் தடித்து, தோளெலும்பு கனத்து, நெஞ்சுக்கூடு ஆழ்ந்திருக்கும். குண்டு தோலையும் விலாவையும் கடந்து இரு நுரையீரல்களையும் ஊடுருவினால் விலங்கு சிறிது தூரத்துக்குள் விழும். பாதி வழியில் நின்றுவிட்டால் அது அடர்காட்டுக்குள் ஓடி, கண்டுபிடிக்க முடியாத இடத்தில் நாட்கணக்கில் வாடிச் சாகும். எனவே இக்கலையில் பழகியவர்கள் துப்பாக்கியிலிருந்து தொடங்கி விலங்குக்குப் போவதில்லை. விலங்கின் நெஞ்சுக்கூட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் குழலுக்கு வருகின்றனர்.

நம் பக்கத்து வரலாற்றில் இதற்கு நல்ல சான்று சாமுவேல் பேக்கர். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி, 1854இல் இலங்கை வேட்டை பற்றிய நூலை வெளியிட்ட இவரிடம், பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்ற துப்பாக்கிக் கம்மியர் செய்து கொடுத்த 21 பவுண்டு எடையுள்ள, அதாவது ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கி ஒன்று இருந்தது. அதன் உருண்டைக் குண்டு 3 அவுன்சும் கூம்புக் குண்டு 4 அவுன்சும் எடை கொண்டவை. ஒரு வெடிக்கு அதில் இடும் மருந்து மட்டும் ஓர் அவுன்ஸ். யானைக்கும் காட்டெருமைக்கும் இத்தகைய கனத்தைத் தேடிய அதே மனிதர், மலைநாட்டு மரையைப் பெரும்பாலும் வேட்டை நாய்களோடும் கத்தியோடுமே வேட்டையாடினார். நுவரெலியாவின் மூடுபனிக் காடுகளில் பார்வை சில அடிகளுக்கு மேல் செல்லாது. தெளிவாகக் காணாத விலங்கை எந்தக் குண்டும் முறையாக வீழ்த்தாது. உலகின் மிகக் கனமான குண்டுகளில் ஒன்றைக் கையில் வைத்திருந்தவரே இடத்தைப் பார்த்துத் துப்பாக்கியை ஒதுக்கிவைத்தது, குண்டுத் தேர்வைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

குண்டின் வடிவம் குறித்த பெரும் விவாதம் நடந்தது இந்தியக் காடுகளை முன்வைத்துத்தான். மத்திய இந்தியாவில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபோர்சைத் என்ற படை அதிகாரி 1863இல் வெளியிட்ட நூல், வேட்டைக்கான துப்பாக்கியும் அதன் குண்டும் எவ்வாறு ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதை ஆராய்ந்தது. அவர் வாதத்தைப் புரிந்துகொள்ள, குழலின் உட்சுவரில் திருகலாக வெட்டப்படும் பள்ளங்களான புரிகளைப் பற்றி அறிய வேண்டும். இப்புரிகள் குண்டைச் சுழலச் செய்கின்றன. சுழலும் குண்டே நேராகச் செல்லும். ஒரு முழுச் சுற்றுக்குக் குழலின் நீளத்தில் எத்தனை அங்குலம் தேவைப்படுகிறதோ அதுவே புரியின் கதி. நீண்ட கூம்புக் குண்டு நிலையாகப் பறக்க விரைவான கதி வேண்டும். உருண்டைக் குண்டுக்கோ மிக மெதுவான கதியே போதும். விரைவான கதியுள்ள குழலில் உருண்டைக் குண்டை இட்டு மருந்தைக் கூட்டினால், குண்டு புரியைப் பற்றிக்கொண்டு சுழலாமல் பள்ளங்களைத் தாண்டி வழுக்கிக்கொண்டு வெளியேறிவிடும். அதனால் அக்காலத்தவர் மருந்தைக் குறைத்தனர். மருந்து குறைந்ததால் குண்டின் பாதை வளைந்தது. பாதை வளைந்ததால் தூரக் கணிப்பில் நேரும் சிறு பிழையும் விலங்கைக் காயத்தோடு விட்டது. ஃபோர்சைத் இந்தச் சங்கிலியைத் தலைகீழாகத் திருப்பினார். 14ஆம் எண் குழலுக்கு, அதாவது ஒரு பவுண்டு ஈயத்தில் 14 குண்டுகள் வார்க்கத்தக்க பருமனுள்ள குழலுக்கு, 8 அடி 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மிக மெதுவான கதியையும், ஆழமற்ற புரிகளையும், தாராளமான மருந்தையும் அவர் பரிந்துரைத்தார். காட்டில் மான் நிற்கக்கூடிய தூரம் முழுவதும் குண்டு ஏறத்தாழ நேர்கோட்டிலேயே சென்றது.

இந்த வாதத்தின் வலிமை இன்றும் குன்றவில்லை. உருண்டைக் குண்டை ஏளனமாகப் பார்ப்பவர்கள் அரை அங்குலக் குழலின் குண்டை மனத்தில் வைத்துப் பேசுகின்றனர். அது சுமார் 180 கிரெயின், அதாவது 12 கிராமுக்குச் சற்றுக் குறைவானது. ஆனால் உருண்டையின் எடை அதன் விட்டத்தின் மும்மடியாகப் பெருகுவதால், .54 அங்குலக் குழலில் அது 230 கிரெயினை நெருங்குகிறது. ஃபோர்சைத்தின் 14ஆம் எண் குண்டோ சரியாக 500 கிரெயின். உருண்டைக் குண்டின் குறைபாடு வடிவத்தில் இருப்பதைவிடச் சிறுமையிலேயே மிகுதியாக இருக்கிறது. பெரிய மானுக்கு உருண்டையைத் தேர்ந்தெடுப்பவர் குழலின் பருமனை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டார் என்பதே பொருள்.

கூம்புக் குண்டின் வரலாற்றில் தென்னிந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு என்பது தமிழ் வாசகர் பலரும் அறியாதது. பிரிட்டிஷ் 34ஆம் காலாட்படையைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன், தென்னிந்தியாவில் இருந்தபோது அங்குள்ள மக்கள் ஊதுகுழலில் பயன்படுத்திய அம்புகளைக் கூர்ந்து நோக்கினார் என்றும், அவற்றின் அடியிலிருந்த மென்மையான நெட்டி, ஊதும் காற்றில் விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக் காற்றைக் கசியவிடாமல் காப்பதைக் கண்டே அடிப்பகுதி குடைந்த குண்டை உருவாக்கினார் என்றும் துப்பாக்கி வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இதே நுட்பத்தை மலாயாத் தீபகற்பத்தின் ஓராங் அஸ்லி மக்களின் சும்பிட் என்னும் ஊதுகுழலிலும் காணலாம்; அம்பின் பின்புறத்தில் நெட்டியாலான கூம்பு ஒன்றைப் பொருத்தி, அதன்பின் பனையினத் தாவரத்தின் பஞ்சையும் அடைத்து ஊதுவர். பிரெஞ்சு அதிகாரி மினியே 1849இல் நிறைவாக்கிய குண்டு இக்கருத்தின் ஈய வடிவமே ஆகும். குழலைவிடச் சற்றுச் சிறிதாக இருப்பதால் எளிதில் இறங்கி, மருந்து வெடிக்கும்போது அடிப்பகுதி விரிந்து புரிகளைப் பற்றிக்கொள்கிறது. இன்று .50 குழலுக்கு 350 முதல் 460 கிரெயின் வரையுள்ள கூம்புக் குண்டுகள் கிடைக்கின்றன. அதே குழலின் உருண்டையைப் போல் ஏறத்தாழ இருமடங்கோ அதற்கு மேலோ ஆன இந்த எடை, வாப்பிட்டி போன்ற பேருடல் மானின் தோளெலும்பைக் கடந்து மறுபக்கம் வெளியேறப் போதுமானது. வெளியேறும் துளையே குருதித்தடத்தைத் தந்து, வீழ்ந்த விலங்கைக் கண்டுபிடிக்க உதவுகிறது. பாதை வளைவு கூடுவதும், தோளில் உதைப்பு கடுமையாவதும் இதற்குக் கொடுக்கும் விலை.

உலோகத்தின் தேர்வு இதற்கிணையாக முக்கியமானது. தூய ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். நகத்தால் கீறினால் தடம் விழும் அளவுக்கு மென்மையானது. மான்தோலைத் தாண்டியதும் அது தட்டையாகி அகன்று, சேதத்தின் அகலத்தைக் கூட்டும். யானைக்கும் காட்டெருமைக்கும் பேக்கர் காலத்தவர் ஈயத்தில் வெள்ளீயமோ பாதரசமோ கலந்து குண்டைக் கடினமாக்கினர். தடித்த மண்டையோட்டில் மென்குண்டு நசுங்கி நின்றுவிடும் என்பதே காரணம். மானுக்கு அக்கலவை தேவையற்றது. கடினக் குண்டு விரியாமல் குறுகிய துளையிட்டு மறுபக்கம் போய்விடும். அடி குடைந்த குண்டாயிருந்தால் குழலினுள் விரியவும் மறுத்துக் குறி தவறும். பாதரசக் கலவையின் புகையோ வார்ப்பவரின் உடலையே கெடுக்கும். தமிழ்நாட்டில் சட்டவிரோத வேட்டைக்காரர்கள் நாட்டுத் துப்பாக்கியில் இடும் பால்ரஸ் குண்டுகள், அதாவது எந்திரத் தாங்கிகளின் எஃகு உருண்டைகள், இவ்வகையில் மிக மோசமானவை. ஈயத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே கொண்டு, சிறிதும் விரியாமல், விலங்கைக் கொல்லாமல் நோகச்செய்து அனுப்பிவிடும் அவற்றைக் குண்டு என்று அழைப்பதே இக்கலைக்கு இழுக்கு.

வார்ப்பின் தரத்தைக் கண்ணாலும் கையாலும் அறியலாம். அச்சு போதிய சூடேறாதபோது வார்த்த குண்டில் ஈயம் அலையலையாகச் சுருங்கிய வரிகள் தெரியும். மிகையாகச் சூடேறியதில் உறைபனி படிந்தாற்போல் மங்கல் வெண்மை படரும். முன்னதை மறுபடி உருக்க வேண்டும். பின்னதைப் பெரும்பாலும் பயன்படுத்தலாம். உள்ளே காற்றுக்குமிழ் இருக்கும் குண்டு வெளியே குறையற்றுத் தோன்றினாலும் தராசில் இரண்டு மூன்று கிரெயின் குறைந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். உருண்டைக் குண்டைக் குழலில் இறக்கும்போது, வார்ப்புக் காம்பை வெட்டிய தழும்பு மேல்நோக்கி, குழலின் நடுவில் தெரியும்படி வைப்பது வழக்கம். குண்டைச் சுற்றும் துணி வில்லை நெருக்கமாக நெய்த பருத்தியாகவோ சணல்நூல் துணியாகவோ இருத்தல் வேண்டும். வெடித்தபின் அது குழல்வாயிலிருந்து சிறிது தூரத்தில் தரையில் கிடக்கும். அனுபவசாலி முதலில் குறியைப் பார்ப்பதில்லை, அத்துணியைத் தேடி எடுத்துப் பார்க்கிறார். நடுவில் வட்டமாகப் புகைக்கறையும், சுற்றிலும் புரிகளின் தடமும், ஓரத்தில் சிறு பிசிறும் மட்டுமே இருந்தால் பொருத்தம் சரி. நடுப்பகுதி எரிந்து துளைபட்டிருந்தால் துணி மெல்லியது, அல்லது கொழுப்பு போதவில்லை. புரித்தடங்களின் வழியே கிழிந்திருந்தால் குழல்வாயின் விளிம்பு கூராக இருக்கிறது. தடவும் கொழுப்பு தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்ததாயிருப்பது மரபு. அது குழலில் படியும் கரிமருந்துக் கசட்டை இளக்கி, அடுத்த குண்டு இறங்க வழிவிடும். பினாங்கைப் போன்ற ஈரப்பதம் மிகுந்த இடத்தில் கசடு விரைவில் நீரை உறிஞ்சிக் குழலை அரிக்கும் என்பதால், துப்புரவை மறுநாளைக்குத் தள்ளிப்போட இடமில்லை.

இன்று இந்த அறிவு சட்டப்படி முழுமையாகப் பயன்படும் இடம் வட அமெரிக்கா. வாய்வழித் துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைப் பருவம் வைத்திருக்கும் கொலராடோ மாநிலத்தில், அப்பருவத்தில் எல்க் மானுக்குக் குறைந்தது .50 குழல் வேண்டும். சிறிய குண்டைப் பெரிய குழலில் செலுத்த உதவும் நெகிழி உறையான சேபோட்டுக்கும், வில்லைகளாக அழுத்திய மருந்துக்கும், தொலைநோக்கிக் குறிக்கருவிக்கும் அனுமதியில்லை. இவ்விதிகள் கலையைக் கட்டுப்படுத்துவதாகச் சிலர் குறைகூறுவதுண்டு. உண்மையில் அவை சுடுபவரை விலங்குக்கு அருகே செல்லவைத்து, கனமான முழு ஈயக் குண்டைத் தேர்ந்தெடுக்கச் செய்கின்றன. அதனால் கலை காக்கப்படுகிறது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டமும் துப்பாக்கியை உரிமத்துக்குள் கடுமையாக அடக்கிவைத்துள்ளன. எண்ணிக்கை குறைந்துவிட்ட ருசா மானின் வேட்டை தீபகற்ப மலேசியாவில் 2009 முதல் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த முடிவு சரியானதே. புலியின் முதன்மை இரையான ஒரு மான் அருகிவரும் நிலையில், அதற்குரிய சிறந்த குண்டு எது என்ற கேள்வி இங்குச் செயலுக்குரியதன்று, அறிவுக்குரியது.

எந்தக் குண்டாயினும், அதைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது ஒரு தூரத்தை. அரை அங்குல உருண்டைக் குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது பெற்றிருந்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கே நூறு கெஜத்தில் எஞ்சும்; எனவே அதைத் தெரிவுசெய்தவர் ஐம்பது அறுபது கெஜத்துக்கு அப்பால் நிற்கும் பெரிய மானைச் சுடாமல் விட்டுவிட முன்கூட்டியே இசைந்தவராகிறார். கனமான கூம்புக் குண்டு தன் வேகத்தை மெதுவாகவே இழப்பதால் இந்த எல்லையைச் சற்று நீட்டிக்கொடுக்கும். ஆயினும் அதன் பாதை நூறு கெஜத்துக்குப் பின் விரைந்து தாழ்வதால், தூரத்தைக் கண்ணால் அளக்கும் பயிற்சியில்லாதவருக்கு அந்த நீட்டிப்பால் பயனில்லை. இந்த எல்லையைத் தாளில் எழுதிய எண்களிலிருந்து பெற முடியாது. சுத்தமான, குளிர்ந்த குழலிலிருந்து செல்லும் முதல் குண்டுக்கும் கசடு படிந்தபின் செல்லும் குண்டுகளுக்கும் இடையே குறி மாறும். பயிற்சிக் களத்தில் பலரும் பல வெடிகளைச் சுட்டு அவற்றின் சராசரியைக் கணக்கிடுகின்றனர். காட்டில் மானை நோக்கிச் செல்வதோ அந்த முதல் குண்டு மட்டுமே. ஆதலால் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு ஈரப்பதத்தில், சுத்தமான குழலில் முதல் வெடியை மட்டும் சுட்டு, அது விழுந்த இடத்தை ஒரே தாளில் குறித்துவர வேண்டும். அக்குறிகள் அனைத்தும் மானின் நெஞ்சுப் பரப்புக்குள் அடங்கும் தூரமே அந்தக் குண்டுக்கும் அந்தக் கைக்கும் உரிய தூரமாகும்.