மிலிட்டரிக்காரரின் பலகை

தர்மபுரி ஜில்லாவில் பனி என்றால், மார்கழி விடியற்காலையில் கேழ்வரகுத் தாளின்மேல் படிந்திருக்கும் ஈரந்தான். வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். அப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம், பென்னாகரம் சாலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஒரு ஹவில்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று முப்பது வருஷம் ஆகப் போகிறது. ஊரில் எல்லோருக்கும் அவர் 'மிலிட்டரிக்காரர்'. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

சென்ற கோடையில் ஒரு மாலை, அவருடைய பேரன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். காஷ்மீரத்தில் குல்மார்க். புதுத் தம்பதி ஒன்று வண்ணச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பலகைமேல் ஏறுவதும், விழுவதும், சிரிப்பதுமாக இருந்தது.

"தாத்தா, நீங்களும் அங்கே இப்படித்தானே?"

"சிரிக்கிறதா! சிரிச்சா வாத்தியாரு இன்னொரு தடவை மலை ஏறச் சொல்லுவாரு."

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. புளி உலுக்கும் கழிகள் இரண்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் நின்று முழங்காலை மடக்கினார். "உடம்பு முன்னாலே சாயணும். பயந்து பின்னாலே சாய்ஞ்சியோ, பலகை உன்னை விட்டுட்டு ஓடிடும். ஏறும்போது அடியிலே ஒரு பட்டை ஒட்டுவோம். முன்னாலே வழுக்கும், பின்னாலே வழுக்காது."

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "நாற்பது வருஷத்துக்கு மேலே குடித்தனம் பண்றேன். இந்த ஆட்டத்தை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்!"

அவர் படித்த பள்ளிக்கூடத்தை 1948-ல் தொடங்கி வைத்தவர் தளபதி திம்மய்யா. காஷ்மீர யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். திம்மய்யா குடகு நாட்டுக்காரர். ஒகேனக்கல்லில் விழுகிற காவேரி பிறக்கும் சீமையிலிருந்து வந்த ஒருவர்தான் நம் பட்டாளத்துக்குப் பனியில் நடக்கப் பள்ளிக்கூடம் வைத்தார் என்பதில் எனக்கு ஓர் அசட்டுப் பெருமை உண்டு.

பலகையின் சூட்சுமம் பெரியதல்ல. வெறுங்காலணியோடு இறங்கினால் புதுப் பனியில் தொடைவரை புதையும். பலகை உடம்பின் பாரத்தைப் பரப்பிவிடுகிறது. இந்தச் சின்ன விஷயம் 1939 நவம்பர் 30-ல் பின்லாந்துக்குள் நுழைந்த சோவியத் படைக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. டாங்கியும் லாரியுமாக வந்த சேனையால் சாலையை விட்டு இறங்க முடியவில்லை. பின்லாந்துக்காரர்களுக்கோ பலகை சிறு வயது முதல் செருப்பு மாதிரி. வெள்ளை அங்கியில் காட்டுக்குள்ளிருந்து வந்து, ராத்தே சாலையில் நீண்டு கிடந்த படையைக் கரும்பு போலத் துண்டு துண்டாக்கினார்கள். ஆனாலும் 1940 மார்ச்சில் நிலத்தை இழந்துதான் சமாதானம் வாங்கினார்கள்.

நார்வேயில் நடந்தது இன்னும் விசித்திரம். 1940-ல் ஜெர்மானியர் அந்நாட்டைப் பிடித்து, விளையாட்டுச் சங்கங்களும் அவர்கள் சொற்படி கேட்பவர்களின் கைக்குப் போனதும், சறுக்கு வீரர்கள் பந்தயங்களுக்குப் போக மறுத்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்கவும் ஜனங்கள் போகவில்லை. காட்டுக்குள் திருட்டுத்தனமாகத் தங்கள் பந்தயங்களை நடத்திக்கொண்டார்கள். நம் ஊர்ச் சத்தியாக்கிரகிகள் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அந்த ஜெர்மானியரே 1941 கடைசியில் ருஷ்யக் குளிரில் மாட்டிக்கொண்டபோது, சொந்த ஜனங்களிடம் கம்பளியோடு சறுக்குப் பலகையையும் கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகள் விடுமுறைக்கு விளையாடிய பலகை யுத்தத்துக்குப் போயிற்று.

இதையெல்லாம் ஹவில்தாரிடம் சொன்னேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்.

"சியாச்சினிலே சறுக்கினது கொஞ்சம் சார். கயிற்றைக் கட்டிக்கிட்டு நடந்ததுதான் ஜாஸ்தி" என்றார்.

1984-லிருந்து நம் சிப்பாய்கள் அந்தப் பனியாற்றின்மேல் காவல் இருக்கிறார்கள். 2016 பிப்ரவரி 3-ல் அங்கே பனி சரிந்து, மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரை மூடிற்று. ஆறு நாள் கழித்து ஒருவரை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். சில தினங்களில் அவரும் போய்விட்டார். பத்துப் பேரில் ஒருவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளை. 2004 வரை அதுவும் எங்கள் ஜில்லாதான். அந்த ஒரு வாரம் மிலிட்டரிக்காரர் தொலைக்காட்சிப் பெட்டியை அணைக்கவே விடவில்லை என்று அவர் மனைவி சொன்னாள்.

அவருடைய இடது காலில் இரண்டு விரல் கிடையாது. பனி தின்றுவிட்டது. லீவில் வந்தபோது, லாரிச் சக்கரம் ஏறிவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளும் நெடுநாள் நம்பியிருந்தாளாம். அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டாளாம்.

பேரன் வருகிற டிசம்பரில் சிநேகிதர்களோடு குல்மார்க் போகப் பணம் கேட்கிறான். பாட்டி கூடவே கூடாது என்றாள். மிலிட்டரிக்காரர் கழிகளைச் சுவரோரம் சாத்திவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"போயிட்டு வாடா. காலுறை மட்டும் நாலு ஜோடி வச்சுக்க. ஈரமாச்சுன்னா அப்பவே மாத்து."